"சடன்"னு ஒரே ஒரு வார்த்தைய வச்சு ஆன்லைன் டிக்‌ஷனரிகளுக்கு ஒரு ரிவ்யூ

இங்கிலீஷ் டிக்‌ஷனரிக்கு ரிவ்யூ எழுதறவங்க பொதுவா எத்தனை லட்சம் வார்த்தை இருக்கு, ஆப் எவ்ளோ இடம் பிடிக்குது, நடுவுல விளம்பரம் வருதா, இதத்தான் பாக்கறாங்க. எனக்கு அதெல்லாம் ரெண்டாம்பட்சம். மொழி கத்துக்கறவங்களுக்கு நெஜமா கை குடுக்கறது அர்த்தத்துக்குக் கீழ போட்டிருக்கற உதாரண வாக்கியங்கள் தான், ஏன்னா அர்த்தத்த படிச்சா மண்டைல ஏறும், ஆனா வாயத் திறந்து பேசணும்னா வாக்கியம் தானே வேணும், அந்த வார்த்தை எதுக்குப் பக்கத்துல ஒக்காரும், எதுக்குப் பக்கத்துல ஒக்காராதுன்னு வாக்கியத்த பாத்தா தான் தெரியும்.

அதனால இந்த ரிவ்யூவுக்கு ஒரே ஒரு வார்த்தைய எடுத்துக்கிட்டேன், "சடன்". எல்லா டிக்‌ஷனரிலயும் அதையே தேடி அதோட உதாரணங்கள மட்டும் வரிவரியா படிச்சுப் பாத்தேன். ஏன் இந்த வார்த்தைன்னா இது நமக்கு ரொம்பப் பழகின வார்த்தை, "சடன் பிரேக்", "சடன் பிளான்", "சடனா கெளம்பிட்டான்"னு தமிழுக்குள்ளயே கலந்து பேசிட்டு இருக்கோம். தெரிஞ்ச வார்த்தைய யாரும் டிக்‌ஷனரில தேடறதில்ல. ஆனா இங்கிலீஷ்ல பேசும்போதும் எழுதும்போதும் நம்ம ஆளுங்க இந்த வார்த்தைகிட்ட சறுக்கற மாதிரி வேற வார்த்தைகிட்ட சறுக்கறது கம்மி, கஷ்டமான வார்த்தைன்னா ஜாக்கிரதையா இருப்போம், இதுல அந்த ஜாக்கிரதையே வராது.

மொதல்ல சறுக்கல் எங்க எங்கன்னு சொல்லிடறேன், அப்ப தான் எந்த டிக்‌ஷனரி அத பிடிக்குது, எது விடுதுன்னு சொன்னா புரியும்.

தமிழ்ல ஒரு பேர்ச்சொல்லோட "ஆ" சேத்தா வேலை முடிஞ்சுது, "சடனா வந்தான்", "சடனா நின்னுச்சு". அதே பழக்கத்துல இங்கிலீஷ்ல பேசும்போது "ஹீ கேம் சடன்"னு வந்துடுது. அங்க "சடன்லி" வேணும், வினைய விளக்கறது அட்வெர்ப் வேலை. "சடன்"ங்கற அட்ஜெக்டிவ் பெரும்பாலும் ஒரு நவுனுக்கு முன்னாடி தான் நிக்கும், "எ சடன் நாய்ஸ்", "எ சடன் சேஞ்ச்", "எ சடன் டிராப் இன் டெம்பரேச்சர்". இல்லைன்னா "ஹிஸ் டெத் வாஸ் வெரி சடன்" மாதிரி "வாஸ்"க்கு அப்புறம் வரும். இந்த ரெண்டு இடத்தையும் ஒரு டிக்‌ஷனரி உதாரணத்துலயே காட்டிட்டா போதும், இலக்கணப் பாடம் தனியா நடத்த வேண்டியதே இல்ல.

அடுத்தது இன்னும் பெரிய சறுக்கல். "ப்ளீஸ் ரிப்ளை சடன்லி", "ஐ நீட் இட் சடன்லி"ன்னு ஆபீஸ் மெயில்ல எழுதறவங்கள பாத்திருப்பீங்க. அவங்க சொல்ல வர்றது "உடனே". ஆனா "சடன்லி"ன்னா எதிர்பாக்காதப்ப, முன்னறிவிப்பு இல்லாம நடக்கறது. எதிர்பாத்துக் காத்துக்கிட்டு இருக்கற ஒரு விஷயம் எப்படி சடனா வரும்? அங்க "இமீடியட்லி" இல்லன்னா "ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்" தான். இந்தக் கொழப்பம் வர்றதுக்கு நம்ம "சட்டுனு" ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன், காதுல "சடன்"னும் "சட்டுனு"ம் கிட்டக்கிட்ட கேக்குது, "சட்டுனு முடி"ன்னா சீக்கிரம் முடின்னு அர்த்தம், அதே அர்த்தத்த சடன் தலைல ஏத்திடறோம்.

தமிழ்ல இந்த விஷயத்துக்கு எவ்ளோ வார்த்தை இருக்குன்னு யோசிச்சா பெருமையா இருக்கு. திடீர்னு, திடுதிப்புனு, சட்டுனு, டக்குனு, படக்குனு, பொசுக்குனு, வெடுக்குனு, சடார்னு, ஒவ்வொண்ணும் வேற வேற. "திடுதிப்புனு வந்து நின்னான்"ல சொல்லாம கொள்ளாம வந்தது இருக்கு. "டக்குனு சொல்லு"ல வேகம் மட்டும் தான். "பொசுக்குனு கோவிச்சுக்கிட்டா"ல காரணம் ரொம்பச் சின்னதுங்கறதும் சேந்து வருது. "வெடுக்குனு பேசினா"ல முகத்துல அடிச்ச மாதிரி பேசினது வருது. இத்தனையையும் கொண்டு போய் "சடன்"ங்கற ஒரே வாசல்ல நிறுத்தினா பாதி தப்பா தான் போகும், "வெடுக்குனு"க்கு "அப்ரப்ட்" தான் வரும், "டக்குனு"க்கு "குயிக்லி", "திடுதிப்புனு"க்கு "ஆல் ஆஃப் எ சடன்" இல்லன்னா "வித்தவுட் வார்னிங்".

"திடீர்" கூட அப்படித்தான். நம்ம பத்திரிகைல திடீர் சோதனை, திடீர் தேர்தல், திடீர் வெள்ளம்னு எல்லாத்துக்கும் ஒரே "திடீர்" போதும். இங்கிலீஷ்ல திடீர் சோதனை "சர்ப்ரைஸ் இன்ஸ்பெக்‌ஷன்", திடீர் தேர்தல் "ஸ்னாப் எலெக்‌ஷன்", திடீர் வெள்ளம் "ஃப்ளாஷ் ஃப்ளட்". "சடன் எலெக்‌ஷன்"னு சொன்னா புரியும், ஆனா அவங்க அப்படி சொல்ல மாட்டாங்க. எந்த வார்த்தை எதோட சேரும்ங்கறத தான் கொலொகேஷன்னு சொல்றாங்க. ஒரு வார்த்தைய அதோட சேர்க்கைய வச்சு தான் தெரிஞ்சுக்க முடியும்னு ஜே.ஆர்.ஃபர்த்ங்கற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957லயே எழுதிட்டாரு, நல்ல டிக்‌ஷனரி எல்லாம் இன்னிக்கு அந்த வழில தான் நடக்குது.

இப்ப ரிவ்யூவுக்கு வர்றேன். நான் வச்ச அளவுகோல் ரொம்ப எளிது, ஸ்கூல்ல போட்ட அதே "கோடிட்ட இடத்தை நிரப்புக" தான். உதாரண வாக்கியத்துல "சடன்"ங்கற வார்த்தைய மட்டும் மறைச்சிடுங்க. மிச்சத்த படிச்சா அந்த எடத்துல என்ன வார்த்தை வரும்னு தோணணும். "இட் வாஸ் எ ___ திங்"னு இருந்தா அங்க "குட்" வரலாம், "பேட்" வரலாம், "பிக்" வரலாம், எது வேணா வரலாம், அப்ப அந்த உதாரணம் ஒண்ணும் சொல்லித் தரல. "த ஸ்கை ஹேட் பீன் கிளியர் ஆல் மார்னிங், ஸோ த ___ ஸ்டார்ம் காட் எவ்ரிஒன் அவுட்டோர்ஸ்"னு இருந்தா வானம் தெளிவா இருந்துது, யாரும் எதிர்பாக்கல, எல்லாரும் வெளியில மாட்டிக்கிட்டாங்க, அங்க "சடன்" வரணும்னு வாக்கியமே சொல்லிடுது. ஒரு நல்ல உதாரணத்துக்கு நான் எதிர்பாக்கறது இவ்ளோ தான்.

இந்த அளவுகோல்ல மொதல்ல அடிபட்டுப் போறது தானா வாக்கியம் திரட்டிப் போடற தளங்கள். பேர் சொல்லல, ஆனா சர்ச்ல "சடன் இன் எ சென்டன்ஸ்"னு அடிச்சா மேல மேல வந்து நிக்கற வகை. நான் பாத்த ஒண்ணுல நூத்துக்கணக்குல வாக்கியம் கொட்டி வச்சிருக்காங்க, பாதி வாக்கியம் காப்பிரைட் முடிஞ்சு போன பழைய நாவல்கள்லேந்து எடுத்த மாதிரி இருக்கு, "ஹர் கவுன்டெனன்ஸ் அண்டர்வென்ட் எ சடன் ஆல்டரேஷன்" பாணில, இன்னிக்கு முகத்துக்கு "கவுன்டெனன்ஸ்"னு யார் சொல்றா. சில வாக்கியம் நடுவுல தொடங்கி நடுவுல முடியுது, "ஹீ" யாரு "இட்" எதுன்னே தெரியாது. "சடன்"னு தேடினா "சடன்லி" வர்ற வாக்கியத்தையும் அதே பட்டியல்ல கலந்து போடறாங்க, அட்ஜெக்டிவ் அட்வெர்ப் வித்தியாசத்துல தான் நம்மாளுக்குத் தடுமாற்றமே, அத சரி பண்ண வந்தவன இன்னும் கொழப்பி விடுது. எண்ணிக்கை பாத்து மயங்கிடாதீங்க. ஒரு மாணவன் அதுலேந்து பத்து வாக்கியத்த காப்பி பண்ணி நோட்டுல எழுதினா பத்துல ரெண்டு தான் தேறும், எந்த ரெண்டுன்னு அவனுக்குத் தெரியாது. அது தான் எனக்கு ஆதங்கம், ஏற்கனவே நல்லா தெரிஞ்சவனுக்கு மட்டும் உதவற தளம் கத்துக்கறவனுக்கு எதுக்கு?

இதுக்கு நேர் எதிர் லாங்மேன். லாங்மேன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலீஷ் 1978ல வந்துது, அர்த்தம் சொல்றதுக்கு ஏறக்குறைய 2000 எளிய வார்த்தைகள மட்டும் பயன்படுத்தணும்னு ஒரு கட்டுப்பாட்டோட எழுதினாங்க. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பாக்கப் போயி அந்த அர்த்தத்துல இருக்கற வார்த்தைக்கு அர்த்தம் தேடி அலையற தொல்லை இதனால பெருமளவு இல்லாம போகுது. ஆன்லைன் பதிப்புல உதாரண வாக்கியங்களையே ஒலியா கேக்கலாம், வார்த்தைய மட்டும் தனியா கேக்கறதுக்கும் வாக்கியத்துக்குள்ள கேக்கறதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. "சடன்"ல அழுத்தம் மொத எழுத்துல தான், ரெண்டாவது பகுதி கிட்டத்தட்ட காணாம போயி "ன்"மட்டும் மிஞ்சற மாதிரி கேக்கும், நம்ம ரெண்டையும் சமமா அழுத்தறோம். கீழ கார்பஸ்லேந்து எடுத்த உதாரணங்கள்னு தனிப் பகுதியும் இருக்கு. ஆசிரியர் செதுக்கின உதாரணம் மேல, மக்கள் நெஜமா எழுதினது கீழன்னு பிரிச்சுக் காட்டறது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

கார்பஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: நாளிதழ், புத்தகம், கடிதம், பேச்சு எல்லாத்துலேந்தும் எடுத்துத் தொகுத்த பெரிய உரைத் தொகுப்பு, கம்ப்யூட்டர்ல தேடற மாதிரி. பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் 10 கோடி வார்த்தைகள் கொண்டது, அதுல சுமார் 90 சதவீதம் எழுத்து, 10 சதவீதம் பேச்சு, இருபதாம் நூற்றாண்டோட கடைசிப் பகுதி இங்கிலீஷ். இதுல ஒரு வார்த்தைய தேடினா அதோட சொந்தபந்தம் எல்லாம் வரிசையா தெரியும்.

டிக்‌ஷனரிக்கு கார்பஸையே அடித்தளமா போட்டு மொதல்ல பெரிய அளவுல செஞ்சு காட்டினது காலின்ஸ் கோபில்ட், 1987, பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல ஜான் சின்க்ளேர் தலைமைல. அவங்க பண்ண இன்னொரு நல்ல காரியம், அர்த்தத்தையே முழு வாக்கியமா எழுதினது. மத்த டிக்‌ஷனரில "எதிர்பாராத, விரைவான"ன்னு ரெண்டு வார்த்தை போட்டு விட்டுடுவாங்க, இவங்க "ஒரு விஷயம் இப்படி நடந்தா அத இந்த வார்த்தையால சொல்லுவோம்"ங்கற பாணில பேச்சு மாதிரி விளக்குவாங்க. அதாவது அர்த்தமே ஒரு உதாரண வாக்கியம் ஆயிடுது, வார்த்தை எந்த எடத்துல வரும்னு அர்த்தத்த படிக்கும்போதே கண்ணுல பட்டுடும். ஆரம்ப நிலைல இருக்கறவங்களுக்கு நான் கண்ண மூடிக்கிட்டு சிபாரிசு பண்றது இதத்தான். காலின்ஸ் தளத்துல பல பதிப்போட அர்த்தங்களும் ஒரே பக்கத்துல வரும், கோபில்ட்னு போட்டிருக்கறத மட்டும் படிச்சா போதும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி பத்தி சொல்லாம இருக்க முடியாது. ஏ.எஸ்.ஹார்ன்பி ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டு இருந்தப்ப, அங்க மாணவர்கள் எங்க தடுமாறுறாங்கன்னு கிட்ட இருந்து பாத்து, கூட ரெண்டு பேரோட சேந்து தயாரிச்சது, 1942ல ஜப்பான்ல வெளிவந்து அப்புறம் 1948ல ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டுது. வெளிநாட்டு மாணவனுக்காகவே எழுதினதுங்கறது அதோட பிறப்புலயே இருக்கு. இப்ப ஆன்லைன்ல கூடுதல் உதாரணங்கள்னு ஒண்ணு, கொலொகேஷன்னு ஒண்ணு, அழுத்தினா விரியற பெட்டியா வச்சிருக்காங்க. நெறைய பேர் அத அழுத்தவே மாட்டாங்க, அழுத்துங்க. எந்த வினைச்சொல்லோட வரும், எந்த அட்வெர்ப் முன்னாடி வரும்ங்கறதெல்லாம் அங்க தான் இருக்கு.

கேம்பிரிட்ஜ்ல எனக்குப் பிடிச்சது "சடன்"னோட சேந்து வர்ற நவுன்கள தனிப் பகுதியா போட்டு ஒவ்வொண்ணுக்கும் உதாரணம் குடுக்கறது, "சடன் பர்ஸ்ட்", "சடன் சேஞ்ச்" மாதிரி. அந்த வாக்கியங்கள் கார்பஸ்லேந்தும் இணையத்துலேந்தும் வந்தது, அதுல இருக்கற கருத்து எங்களோடது இல்லன்னு அவங்களே அங்க எழுதி வச்சிருக்காங்க, நேர்மையான விஷயம். ஆய்வுக் கட்டுரை நடைல இருக்கற வாக்கியங்களும் அதுல வரும், அதனால ஆரம்பத்துல இருக்கறவங்க மேல இருக்கற அர்த்தப் பகுதியோட உதாரணங்கள மட்டும் எடுத்துக்கிட்டா நல்லது.

மெரியம்-வெப்ஸ்டர் அமெரிக்கர்களுக்கு எழுதினது, அதுல சமீபத்திய செய்திகள்லேந்து தானா திரட்டின உதாரணங்கள் வரும், இன்னிக்கு எப்படி எழுதறாங்கன்னு பாக்க நல்லா இருக்கும், வார்த்தை எப்ப மொதல்ல எழுத்துல வந்துதுங்கற தகவலும் இருக்கும், "சடன்" 14ஆம் நூற்றாண்டு. அவ்ளோ தான், கத்துக்கறவங்க கடைசியா பாத்தா போதும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற சோதனை, "சடன்"னுக்கும் "அப்ரப்ட்"டுக்கும் உள்ள வித்தியாசத்த உதாரணம் மூலமா காட்டறாங்களாங்கறது. இதுல தான் நல்ல டிக்‌ஷனரியும் சாதா டிக்‌ஷனரியும் பிரியும். ரெண்டுக்கும் தமிழ்ல "திடீர்"னு போட்டு முடிச்சுடற இருமொழி ஆப்கள் நெறைய இருக்கு. ரெண்டும் லத்தீன்லேந்து வந்தது தான், "சடன்"னுக்குப் பின்னாடி அடியிலேந்து சத்தமில்லாம மேல வர்றதுங்கற கருத்து இருக்கு, "அப்ரப்ட்"டுக்குள்ள உடையறதுங்கற வேர் இருக்கு, "இன்டரப்ட்", "இரப்ட்", "பேங்க்ரப்ட்" எல்லாத்துலயும் இருக்கற அதே "ரப்ட்". இது தெரிஞ்சா பயன்பாடு தானா வெளங்கிடும். ஓடிட்டு இருந்த ஒண்ணு பட்டுனு அறுந்து போனா "அப்ரப்ட்" பொருத்தம், "த மீட்டிங் கேம் டு அன் அப்ரப்ட் எண்ட்", "த டிரெயின் கேம் டு அன் அப்ரப்ட் ஹால்ட்". இல்லாத ஒண்ணு எங்கேந்தோ முளைச்சா "சடன்" தான் இயல்பு, "ஐ ஃபெல்ட் எ சடன் அர்ஜ் டு லாஃப்", அங்க "அப்ரப்ட் அர்ஜ்"னு யாரும் சொல்றதில்ல. நடுவுல ரெண்டுமே வரக்கூடிய எடமும் உண்டு, "சேஞ்ச்", "ஸ்டாப்" மாதிரி, அங்க "அப்ரப்ட்" போட்டா கொஞ்சம் கசப்பு கூடும், முகம் சுளிக்கற மாதிரி ஒரு வாடை வரும். "சடன்"னுக்கு அந்த வாடை கட்டாயம் இல்ல, "சடன் ஜாய்", "சடன் ஃபேம்"னு நல்லதுக்கும் சொல்லலாம். அப்புறம் மனுஷங்களப் பத்தி சொல்லும்போது, "ஹீ வாஸ் அப்ரப்ட் வித் மீ"ன்னா வெடுக்குனு பேசினான்னு அர்த்தம், "ஹீ வாஸ் சடன் வித் மீ"ன்னு சொல்லவே முடியாது.

நான் மேல பேர் சொன்ன கற்போர் டிக்‌ஷனரிகள்ல ரெண்டு வார்த்தைக்கும் பக்கத்த அடுத்தடுத்த டேப்ல திறந்து வச்சு உதாரணங்கள மட்டும் படிச்சுப் பாருங்க, யாரும் விளக்காமலே இந்த வித்தியாசம் மனசுல ஒக்காந்துடும். எந்த நவுன் ரெண்டு பக்கத்துலயும் வருது, எது ஒரு பக்கத்துல மட்டும் வருதுன்னு குறிச்சுக்கிட்டே போனா போதும்.

இன்னொரு விஷயம், துறைச்சொல்லா மாறிப் போன "சடன்". பொது டிக்‌ஷனரிகள் இத இன்னும் கொஞ்சம் காட்டினா நல்லா இருக்கும்னு ஆசை. கால்பந்துல பெனால்ட்டி ஷூட்அவுட்ல அஞ்சு அஞ்சு அடிச்சும் சமமா நின்னா அதுக்கப்புறம் "சடன் டெத்", ஒரு சுத்துல ஒரு அணி போட்டு இன்னொரு அணி விட்டா அங்கயே ஆட்டம் முடிஞ்சுது. யாரும் சாகல, ஆனா வார்த்தை அது தான், இத பெரும்பாலான டிக்‌ஷனரி தனிப் பதிவாவே போடுது. மருத்துவத்துல பாத்தா "சடன்"ங்கறதுக்கு மணிக்கணக்கே இருக்கு. அறிகுறி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள்ள நடந்தா தான் "சடன் கார்டியாக் டெத்"னு பொதுவா வரையறுக்கறாங்க, காது திடீர்னு கேக்காம போற "சடன்" வகைக்கு 72 மணி நேரம் வரைக்கும் இழுக்கறாங்க. வானிலைல "சடன் ஸ்ட்ராட்டோஸ்ஃபியரிக் வார்மிங்"னு ஒண்ணு, 1952ல பெர்லின்ல ரிச்சர்ட் ஷெர்ஹாக் கண்டுபிடிச்சது, துருவத்துக்கு மேல ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்ங்கற மேல் வளிமண்டல அடுக்குல சில நாள்லயே பத்து இருபது டிகிரிக்கு மேல சூடு ஏறிடும், அந்த உயரத்துக்கு சில நாள்ங்கறதே சடன் தான். ஆனா பருவநிலை ஆய்வுல போய் பாத்தா "அப்ரப்ட் கிளைமேட் சேஞ்ச்"னு தான் எழுதறாங்க, சுமார் 11,700 வருஷத்துக்கு முன்னாடி யங்கர் டிரையஸ்ங்கற நீண்ட குளிர்க் கட்டம் முடிஞ்சப்ப கிரீன்லாந்துல சில பத்தாண்டுகள்லயே சூடு ஏறிடுச்சு, பல்லாயிரம் வருஷக் கணக்குல யோசிக்கறவங்களுக்கு சில பத்தாண்டுங்கறது கண்ணிமைக்கற நேரம். ஆக எவ்ளோ வேகமா நடந்தா "சடன்"ங்கறது எதப் பத்திப் பேசறோம்ங்கறத பொறுத்தது. இந்த மாதிரி உதாரணங்கள் நாலஞ்சு இருந்தா வார்த்தையோட நீள அகலம் புரிஞ்சுடும், "சடன் நாய்ஸ்" "சடன் ரெயின்" மட்டும் படிச்சவனுக்கு அது கெடைக்காது.

டாடோயபாங்கற தளத்தையும் பாத்தேன். 2006ல ட்ராங் ஹோங்கறவங்க தொடங்கினது, பேருக்கே ஜப்பானிய மொழில "உதாரணமா"ன்னு அர்த்தம், உலகம் பூராவும் இருக்கற தன்னார்வலர்கள் வாக்கியம் எழுதி ஒருத்தர் வாக்கியத்த இன்னொருத்தர் தன் மொழில பெயர்த்து வைக்கறாங்க. வாக்கியங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னதா, பேச்சு மொழில, அப்படியே வாய்ல போட்டுக்கற மாதிரி இருக்கும். யார் வேணா எழுதலாம்ங்கறதால அந்த மொழிய தாய்மொழியா பேசறவர் எழுதினதான்னு பாத்து எடுத்துக்கணும், அதுக்கு அங்கயே வழி வச்சிருக்காங்க. தமிழ்ப் பக்கம் நெறைய பேர் சேந்து எழுதினா எவ்ளோ நல்லா இருக்கும்! இங்கிலீஷ் வாக்கியத்துக்குப் பக்கத்துலயே "திடுதிப்புனு", "பொசுக்குனு", "வெடுக்குனு" போட்ட தமிழ் வாக்கியம் இருந்தா, எந்த "சடன்"னுக்கு எந்தத் தமிழ்னு ஒரே பார்வைல தெரிஞ்சுடும், இன்னிக்கு எந்த ஆப்லயும் கெடைக்காத விஷயம் அது. தமிழ்ல க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992லேந்தே சொல்லுக்கு அர்த்தத்தோட எடுத்துக்காட்டு வாக்கியமும் இங்கிலீஷ் இணைச்சொல்லும் குடுத்துட்டு வருது, அந்தப் பக்கத்துலேந்து பிடிச்சு வர்றதும் நல்ல வழி, அதாவது மனசுல தோணற தமிழ்ச் சொல்ல மொதல்ல அதுல பாத்துட்டு அப்புறம் இங்கிலீஷ் டிக்‌ஷனரிக்குப் போறது.

சாட்பாட்கிட்ட வாக்கியம் கேக்கறவங்களும் இப்ப ஜாஸ்தி. "சடன் வச்சு பத்து வாக்கியம் குடு"ன்னு கேட்டா இலக்கணம் சரியா தான் வருது, ஆனா புயல், இடி, மௌனம்னு ஒரே வட்டத்துல சுத்துது. கேக்கற விதத்த மாத்தினா பலன் நல்லா இருக்கு, "சடன் வரக்கூடிய, அப்ரப்ட் வரமுடியாத வாக்கியம் குடு", "இமீடியட்லி வரவேண்டிய எடத்துல சடன்லி போட்ட தப்பான வாக்கியத்தையும் அதோட திருத்தத்தையும் குடு"ன்னு கேளுங்க. வந்தத அப்படியே நம்பிடாம லாங்மேன்லயோ கோபில்ட்லயோ அந்தச் சேர்க்கை இருக்கான்னு பாத்துக்கோங்க.

"ஆல் ஆஃப் எ சடன்" பத்தி ஒரு வரி. "ஆல் ஆஃப் த சடன்"னும் பேச்சுல கேப்பீங்க, பரீட்சைலயும் மெயில்லயும் "எ" போட்டே எழுதுங்க. தானா திரட்டற தளங்கள்ல ரெண்டும் ஒண்ணுபோல வரும், எது எங்க எழுதலாம்னு அங்க ஒரு குறிப்பும் இருக்காது.

நம்ம "சடன் பிரேக்" விஷயத்துக்கும் பதில் சொல்லிடறேன், நெறைய பேர் கேக்கறது. தமிழ்ல பேசும்போது தாராளமா சொல்லுங்க, அது நம்ம வார்த்தை ஆயிடுச்சு. இங்கிலீஷ்ல எழுதும்போது "ஹீ புட் எ சடன் பிரேக்"னு வேண்டாம், "ஹீ பிரேக்ட் சடன்லி" இல்லன்னா "ஹீ ஸ்லாம்ட் ஆன் த பிரேக்ஸ்" தான் அவங்க சொல்ற வழி. வண்டிய நிறுத்தற பிரேக்கும் உடையற பிரேக்கும் உச்சரிப்பு ஒண்ணு, எழுத்து வேற, அதையும் பாத்துக்கோங்க. இத உறுதி பண்ணிக்க "சடன்" பக்கத்துக்குப் போகாதீங்க, "பிரேக்" பக்கத்துக்குப் போங்க, அங்க தான் எந்த வினைச்சொல் அதோட சேருதுன்னு உதாரணம் இருக்கும். ஒரு சேர்க்கைல சந்தேகம் வந்தா எப்பவும் நவுனோட பக்கத்த தான் மொதல்ல பாக்கணும்.

ரேட்டிங் கேட்டா, கோபில்ட் 5க்கு 5, லாங்மேன் 5க்கு 5, ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் 4.5, கேம்பிரிட்ஜ் 4.5, டாடோயபா 4. ஆரம்ப நிலைன்னா கோபில்ட்ல அர்த்தம் படிச்சுட்டு லாங்மேன்ல அந்த வாக்கியங்கள காதால கேளுங்க, கூடவே வாய்விட்டு சொல்லுங்க. ஓரளவு எழுத வரும்னா ஆக்ஸ்ஃபோர்ட் கொலொகேஷன் பெட்டியும் கேம்பிரிட்ஜ் சேர்க்கைப் பகுதியும். நான் சொன்னதெல்லாம் பிரவுசர்ல இலவசமாவே படிக்கலாம், ஆப் இறக்க வேண்டிய அவசியமே இல்ல. தானா திரட்டற தளத்துக்கு நட்சத்திரம் குடுக்க மனசு வரல, அந்த வகை தளத்துல ஏற்கனவே நோட்டு நெறைய எழுதி வச்சிருக்கீங்கன்னா தூக்கிப் போட வேண்டாம், ஒவ்வொரு வாக்கியத்துலயும் "சடன்"ன விரலால மறைச்சுப் பாத்து தேறாதத மட்டும் அடிச்சுடுங்க.